பீடத்தில் வைத்த புல்கட்டு

எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அவரவர் தோட்டத்தில் விளைந்ததை அவரவர் பீடத்தில் கொண்டுவந்து படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்துப் பந்தலில் அதை ஏலம் விடுவார்கள். சங்கரன்கோவிலில் இந்தச் சபை ஏற்பட்ட நாளிலிருந்து முதலில் அழைக்கப்படுவது எங்கள் வீட்டுப் பெயர். நார்ப்பெட்டி நிறைய எலுமிச்சையோடு நாங்கள் எழுந்து நடந்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அந்த மரியாதைக்கு ஆபத்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் மருமகன் வேதமுத்து.

பாங்கில் வேலை. பெங்களூரிலிருந்து மாற்றலாகி, என் மகள் இன்பத்தோடு எங்கள் வீட்டிலேயே தங்கினார். பெங்களூரில் ஞாயிறு மாலைகளில் வீட்டுத் தோட்டம் அமைக்கும் வகுப்புக்குப் போனாராம். ஞாயிறு காலைகளில் எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

படித்த படிப்பை அவர் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் ஊட்டினார். முதல் பாடம், மண்வெட்டியைத் தொடுமுன் இடத்தைக் கவனிக்க வேண்டும். வெயில் எங்கே விழுகிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும். மருமகன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் நாற்காலி போட்டுக் கவனித்தார். அதிலும் பாதி நேரம் தூங்கினார். அடுத்த பாடம், ஆட்கள் நடக்கிற தடத்தைப் பார்த்த பிறகே பாதை போட வேண்டும். அவர் முதலில் பாதையைப் போட்டார், பாம்பு ஊர்ந்த மாதிரி. பால் ஊற்ற வருகிற நல்லகண்ணு அதை ஒரு நாளும் மிதித்ததில்லை. கேட்டைத் திறந்தால் நேரே அடுப்படிக்குத்தான் வருவான்.

மூன்றாவது பாடம்தான் எங்களுக்கு எமனாக வந்தது. கேட்டில் நிற்கிறவன் பார்வை தடையில்லாமல் வீட்டு முகப்பு வரை போக வேண்டுமாம். நடுவில் நின்ற தடை எங்கள் எலுமிச்சை மரம்.

மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். தறிநூல் விற்கும் என் கடைக்குச் சரக்கு எடுக்க மதுரைக்குப் போய்த் திரும்பியபோது மரம் விறகாக அடுக்கியிருந்தது. அது நின்ற இடத்தில் புல் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் புல் செழித்தது. மழை நின்றதும் கிணற்றில் பாதித் தண்ணீரைக் குடித்தது. புல் என்றால் மாட்டுக்கு என்று இருக்கிற ஊரில், எங்கள் வீட்டில் ஒரு பாங்க் அதிகாரி புல்லுக்குத் தண்ணீர் இறைத்தார்.

தை பிறந்தது. பண்டிகைக்கு எதைக் கொண்டுபோவது? புளியங்குடிச் சந்தையில் ஒரு பெட்டி எலுமிச்சை வாங்கி வரலாம் என்று இன்பத்திடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைக் காயைக் கொண்டுபோய் நம்ம தோட்டத்துக் காயின்னு பீடத்துல வைக்கவா? நான் மாட்டேம்ப்பா. நம்ம தோட்டத்துல எது இருக்கோ அதைக் கொண்டுபோவோம்."

என் மகள் அல்லவா, வேறெப்படிப் பேசுவாள்? வெறுங்கையோடு போவது அதைவிடக் கேவலம். அவள் புல்லை அறுத்துச் சிவப்பு ரிப்பனால் கட்டினாள். பண்டிகையன்று எங்கள் பெயர் அழைக்கப்பட்டபோது, அதை அதே நார்ப்பெட்டியில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். இரண்டு பக்கமும் இருமல் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் சபை முழுவதற்கும் சளி பிடித்திருந்தது.

ஏலம் விடுகிற கோயில் உபதேசியார் புல்கட்டைத் தூக்கிக் காட்டினார். முதலில் விலை கேட்டவர் சுவிசேஷமுத்து. தறிக்கூடம் வைத்திருக்கிறவர். வருஷா வருஷம் மாதுளையோடு எங்களுக்கு அடுத்ததாக அழைக்கப்படுவதில் ஆயுசு முழுக்க வெந்தவர்.

"நம்ம ஆட்டுக்கு ஆகும்வே, எனக்கு எழுதும்" என்றார். பந்தல் சிரித்தது.

என் வீட்டுக் காணிக்கை அவர் ஆட்டின் வாய்க்குப் போவதா? முன்வரிசையில் இருந்தபடி கைத்தடியைச் சற்று உயர்த்தினேன். உபதேசியார் விலையை ஏற்றினார். பின்னாலிருந்து யாரோ அதற்குமேல் ஏற்றினார்கள். சுவிசேஷமுத்துதான், வேறு யார். மறுபடி தடியை உயர்த்தினேன். மறுபடி ஏறியது. சபையில் திரும்பிப் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. நான் பார்க்கவில்லை. புல் வாழைத்தாரின் விலையைத் தாண்டியது, சேவலைத் தாண்டியது, ஒரு கிடாவின் விலையைத் தொட்டது. சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

அப்போது என் காதருகே ஒரு குரல் கேட்டது.

"அண்ணாச்சி, நான் அப்பவே விட்டாச்சு. பின்னால நின்னு கை தூக்குதது உம்ம மருமகன். ஒரே வீட்டுப் பணம், எதுக்குவே ரெண்டு பையில இருந்து வருது?"

சுவிசேஷமுத்து எப்போதோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

மருமகனும் என்னைப் போலவே நினைத்திருக்கிறார், தன் புல்லை ஆட்டுக்காரரிடமிருந்து மீட்பதாக. நாங்கள் இருவர் மட்டுமே மோதுவது உபதேசியாருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கோயிலுக்கு ஓடு மாற்றப் பணம் வேண்டியிருந்தது. நான் தடியைக் கீழே இறக்கினேன். "மூன்று தரம்" என்று அவர் முடித்தார். அந்த வருஷ ஏலத்தில் அதிக விலைக்குப் போனது எங்கள் வீட்டுக் காணிக்கைதான். சபைக் குருவான ஐயர் ஆசீர்வாதத்தின்போது அதைத் தனியாகச் சொன்னார். நான் எழுந்து நின்று கேட்டேன்.

ஊரில் ஒரு காரியம் பெருமை பெற்றுவிட்டால் காரணம் யாருக்கு வேண்டும்? பங்குனியில் எங்கள் புல் காய்ந்து பாயாகிவிட்டது. அதைச் சுவிசேஷமுத்து பார்க்கவில்லை. விலையை மட்டும் நினைவில் வைத்திருந்தார். அடுத்த ஐப்பசிக்கு முன்னால் ஒரு சீப்புப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, தன் முற்றத்துக்கும் ஒரு தோட்டப் படம் போட்டுத் தர வேண்டும் என்று மருமகனிடம் கேட்டார். மருமகன் அளவு நாடாவோடு புறப்பட்டார்.

எலுமிச்சை நின்ற இடத்தில் நான் நட்டிருந்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மருமகனுக்கு நான் தோட்டக்கலையில் யோசனை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"மாப்ள, அவர் வாசல்ல ஒரு மாதுளை காய்ச்சுத் தொங்குது. பார்வைக்கு ரொம்பத் தடை. மறந்துராதீங்க."