குடிலுக்குக் கட்டிய மலை

ராஜமணி சார் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவர் முகம் சின்னப்பராஜுக்குப் பிடிக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு மதுரை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து அவர் முதன்முதலாக அனுமந்தன்பட்டிக்கு வந்தபோது எவ்வளவு கலகலப்பாக இருந்தார்! அவர் சோதிக்க வந்தது, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய ஒரு பட்டறையை. பூட்டி மூன்று வருஷமாகிவிட்டது. முள் மண்டிய அந்த இடத்தில், கழிவு கொட்டிய குழியைச் சுற்றிப் பதினோரு முளை அடித்து, திருகுக் கம்பியால் மண்ணைத் துளைத்துப் பைகளில் கட்டினார். குழியிலும் பக்கத்துக் கிணறுகளிலும் தண்ணீரைக் கேனில் பிடித்துச் சீட்டு ஒட்டினார்.

"எங்க ஊரு மண்ணை மதுரைக்குக் கொண்டு போறீகளே சார், அங்கன மண்ணுக்கும் பஞ்சமா?" என்று பங்கிராஸ் கேட்டதற்கு வயிறு குலுங்கச் சிரித்தவர் அவர். பங்கிராஸ் சின்னப்பராஜின் அடுத்த வீட்டுக்காரன். இருவரும் அந்தப் பட்டறையின் உலையடியில் ஒன்றாக வேலை பார்த்து வெந்தவர்கள்.

அவரை ஊருக்கு வரவழைத்ததே சின்னப்பராஜ் போட்ட மனுதான். அவன் மனைவி ஜெயமேரிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. ஒன்று ஐந்தாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். போடியில் ஒரு டாக்டரம்மாதான், "ஈயப் பட்டறைப் பக்கத்துத் தண்ணியைக் குடிச்சா இப்படி ஆகலாம்" என்று சொன்னார். இப்போது ஜெயமேரிக்கு மறுபடியும் ஏழாம் மாதம். பட்டறைதான் காரணம் என்று சர்க்கார் எழுதிவிட்டால் தெருவுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வரும். இந்தப் பிள்ளையாவது தங்கும். அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"என்ன சார், பட்டறைக் குழியில ஈயம் இருக்குல்ல?"

"இருக்கு. நிறையவே இருக்கு." ராஜமணி சார் நடந்துகொண்டே சொன்னார். "ஆனா நான் அதுக்காக வரலை. உங்க வீட்டுக் கிணத்தைப் பார்க்கணும்."

சின்னப்பராஜுக்குப் புரியவில்லை. அவன் வீடு பட்டறையிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்கிறது. இங்கே ஈயம் வந்திருந்தாலும் குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்லித்தான் அன்றைக்கு அந்தக் கிணற்றில் ஒரு கேன் பிடித்தார்.

"குழித் தண்ணியைவிட உங்க கிணத்துல ரெண்டு மடங்கு. லேப்ல சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்கன்னு நெனச்சேன். திரும்பப் பார்க்கச் சொன்னேன். அதேதான்."

அடுப்படி வாசலில் ஜெயமேரி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "சாருக்குக் காப்பி போடவா?" என்றாள். வேண்டாம் என்று அவர் அவசரமாகத் தலையசைத்தார்.

கிணற்றைச் சுற்றி மண்ணைக் கிளறிப் பார்த்தார். செம்மண், வேறொன்றுமில்லை. "அடியில ஏதாவது கிடக்கா?" என்றார். வாளி விழுந்தால் எடுக்க வைத்திருந்த பாதாளக்கரண்டியைப் பங்கிராஸ் கயிற்றில் கட்டி இறக்கினான். இரண்டு முறை வெறுமனே வந்தது. மூன்றாவது முறை கனத்தது.

"ஏலே, திமிங்கலம்டா!" என்று பங்கிராஸ் இழுத்தான்.

வந்தது ஒரு சாக்கு. இற்றுப்போன சாக்கு, விளிம்பைத் தொட்டதும் கிழிந்தது. கறுப்புக் கற்கள் சரிந்தன, ஈரத்தில் நீலமாய் மினுங்கின. அவற்றோடு காது உடைந்த மண் ஆடு ஒன்றும் உருண்டு வந்து சின்னப்பராஜின் காலருகே நின்றது.

"என்ன இது?"

சின்னப்பராஜ் குனிந்து அந்த ஆட்டை நிமிர்த்தி வைத்தான். பங்கிராஸ்தான் சொன்னான். "கிட்டம் சார். ஈயம் உருக்குறப்ப ஒதுங்குற கசடு. இவன் கிறிஸ்மஸ் குடிலுக்கு மலை கட்டுவான்."

மற்ற வீடுகளில் காகிதத்தைக் கசக்கி மை பூசி மலை செய்வார்கள். சின்னப்பராஜ் வீட்டு மலை மட்டும் மெய்யான மலைபோல மின்னும். கல்யாணமான வருஷம், ஜெயமேரியின் கண்கள் விரிவதைப் பார்ப்பதற்காகவே முதல் கூடையைச் சுமந்துவந்தான். பட்டறையைப் பூட்டிய பிறகும் கழிவுக் குழியிலிருந்து அள்ளிவந்தான். பங்குச் சாமியார் வந்து குடிலை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். மந்திரித்த பொருளின்மேல் கால் படலாமா? அதனால் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும், அந்தக் கற்களையும் உடைந்த மண் சுரூபங்களையும் சாக்கில் கட்டி, கிணற்றில் சத்தமில்லாமல் இறக்கிவிடுவான். முதல் பிள்ளை போன வருஷம் மலையை இன்னும் உயரமாகக் கட்டினான். இரண்டாவது போனபோது அதைவிட உயரமாக.

"எத்தனை சாக்கு?"

"ஏழு, சார்."

ராஜமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா தண்ணி சரியாயிடுமா சார்?"

"சேத்துல ஊறியிருக்கும்ங்க. கிணத்தை மூடிடுங்க. பட்டறைக் குழியைப் பத்தி நான் எழுதுறேன். ஆனா இந்தத் தெருவுக்குக் குழாய் கேட்டா, இது வீட்டுக்காரரே போட்டதுன்னு சொல்லி ஒரு குமாஸ்தாகூடக் கையெழுத்துப் போடமாட்டான்." சற்று நின்று குரலைத் தாழ்த்தினார். "அம்மாவை ஆஸ்பத்திரியில காட்டுங்க. இத்தனை வருஷம் குடிச்சதை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியலை."

அவர் போன பிறகும் சின்னப்பராஜ் அந்தக் கற்களின் முன்னாலேயே குந்தியிருந்தான். காட்டில் கொட்டினால் காடு கெடும். வாய்க்காலில் போட்டால் ஊரே குடிக்கும். ஜெயமேரி மெல்ல வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நான்தான் ஜெயா. ரெண்டையும் நான்தான்..."

"வேணும்னேவா செஞ்சீக? போன வருசம் இன்னும் ரெண்டு கூடை கொண்டாங்கன்னு உங்களை விரட்டுனது யாரு? மதலேனா அக்கா வீட்டுக் குடிலைவிடப் பெருசா இருக்கணும்னு." உடைந்த ஆட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க."

"ம்."

"முந்தாநாள்லருந்து பிள்ளை அசையலைங்க. சார் வந்து நல்ல சேதி சொல்லட்டும், பெறகு சொல்லுவோம்னு இருந்தேன்."

அவன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. சட்டையை மாட்டினான், உத்தமபாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று பங்கிராஸைக் கூவிக் கேட்டான். ஜெயமேரி மாற்றுச் சேலையை எடுத்து வைத்தாள். வெளியே கிளம்புமுன் எப்போதும் செய்வதுபோல முகம் கழுவக் குடத்தில் செம்பை முக்கினாள்.

சின்னப்பராஜ் அந்தச் செம்பைப் பிடுங்கினான். பிடுங்கிவிட்டு, கையில் வைத்துக்கொண்டு நின்றான். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.

அவள் முந்தானையால் வறண்ட முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.