சொல்லாதே என்று சொன்னது

நாச்சம்மாள் வேலை பார்க்கும் ஊதுபத்தி ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தபோது, கல்லூரியிலிருந்து ஐந்து முறை கூப்பிட்டிருந்தார்கள். திருப்பிக் கூப்பிட்டாள். மகள் அஷ்வினி காலையிலிருந்து வகுப்புக்கே வரவில்லையாம், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். எட்டு மணிக்கே கிளம்பிப் போனாளே என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். பாடப் புத்தகங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தன. இரண்டு சுடிதாரைக் காணோம். மகளின் போன் அணைந்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்பு, கணக்கில் பெயிலாகிவிட்டேன், அப்பாவிடம் சொல்லாதே என்று அஷ்வினி அழுதாள். சரியென்று தலையாட்டிய நாச்சம்மாள், அன்று சாயங்காலமே புருஷனிடம் சொல்லிவிட்டாள். மறைத்தது பிறகு தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். கொத்தனார் வேலை செய்யும் அவள் புருஷன் சென்னிமலைக்கு மகள் இன்ஜினியர் ஆக வேண்டும். பெயில் என்றதும், படித்தது போதும், கர்நாடகத்து ஹனூரில் மாமன் வீட்டுக்குப் போ என்று கத்தினான். அஷ்வினி அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அடி விழவில்லையே என்று நாச்சம்மாள் அப்போது நிம்மதிப்பட்டாள்.

அடுத்த தெருவில் இருந்த அஷ்வினியின் சிநேகிதி மனிஷா முதலில் சொல்ல மறுத்தாள்.

"நீங்க அங்கிள்கிட்ட சொல்லிருவீங்க ஆன்ட்டி. அவளே அப்படித்தான் சொன்னா."

நாச்சம்மாளுக்கு முகம் எரிந்தது. கெஞ்சிக் கேட்டபின் விஷயம் வந்தது. இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒருத்தி பெங்களூரில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டே முக்கால் ரயில். அந்த ஒருத்தியை மனிஷாவும் நேரில் பார்த்ததில்லை.

ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் விரைந்தாள். நடுவில் சென்னிமலை கூப்பிட்டான். மகளைக் காணோம், தேடிப் போகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய் இருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிளாட்பாரத்தின் கோடியில், பையைக் கட்டிக்கொண்டு அஷ்வினி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து, "அப்பா எங்க?" என்றாள்.

"வரல கண்ணு. நீ எங்கயிருக்கேன்னு நான் சொல்லல." நாச்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "நீ நம்பிச் சொன்னதக் கொண்டுபோயி அவருகிட்டக் கொட்டிட்டேன். தப்பு என்னுது."

ரயில் வந்து நின்றது. அஷ்வினி ரயிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பையைப் பிடுங்கிவிட வேண்டும்போல நாச்சம்மாளுக்குக் கை பரபரத்தது. பிடுங்கவில்லை.

"கணக்கு எனக்கு ஏறவே மாட்டேங்குதும்மா. காமர்ஸ் படிக்கணும்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டீங்க?" என்று சொல்லி, மகள் மறுபடியும் உட்கார்ந்து அழுதாள். ரயில் போய்விட்டது.

வீட்டில் சென்னிமலை வாசலிலேயே நின்றிருந்தான். நாச்சம்மாள் மகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. அவன் திகைத்துப்போய் உட்கார்ந்தான். அஷ்வினி திக்கித் திக்கிச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவன் இரண்டு தடவை ஏதோ சொல்லவந்து அடக்கிக்கொண்டான்.

கடைசியில், "படிப்ப மாத்தறதப் பத்திப் பேச நாளைக்குக் காலேஜுக்கு நான் எப்ப வரோணும்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

"பத்து மணிக்கு," என்றாள் அஷ்வினி. அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.