அண்ணாச்சிக்கு ஆறிய புண்

பாண்டியராஜன் அண்ணாச்சியை என் நாற்காலியில் மல்லாக்கச் சாய்த்து, "வாயத் திறங்க" என்று சொல்வதற்காக ஏழு வருஷம் காத்திருந்தேன். அன்று என் மனசு குளிர்ந்த குளிர்ச்சி எனக்குத்தான் தெரியும். ஒரு பல் டாக்டர் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் என் அம்மாவின் கடைசி மாதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி மீன்பிடித் துறைமுகச் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வாய்ப்புண் என்று பச்சைப்பிள்ளையைத் தூக்கிப்போனாலும் பெரியவர்கள் போனாலும், "சூடுதான், இதப் போடுங்க" என்று ஒரே களிம்பைத் தருவார். பிள்ளைகளுக்கு வருகிற புண் பெரும்பாலும் பத்து நாளில் தானாக ஆறிவிடும். பெயர் களிம்புக்குப் போகும்.

என் அம்மா ஜெபகனி உப்பளத்தில் வேலை பார்த்தவள். ஆத்தூர் வெற்றிலையோடு புகையிலையை நாள் முழுக்க இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அதே இடத்தில் வந்த புண்ணுக்கு எட்டு மாதம் அந்தக் களிம்பைத் தடவினாள். சென்னையில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என்னிடம், பரீட்சை முடியட்டும் என்று சொல்லவே இல்லை. நான் வந்து பார்த்தபோது புற்று தாடை எலும்புவரை போயிருந்தது.

இப்போது அண்ணாச்சியின் நாக்கோரத்தில் புண். விளக்கைத் திருப்பி, விரலை வைத்துப் பார்த்தேன். அடச்சே! விளிம்பு மெத்தென்று இருந்தது. தொட்டதும் வலியில் துள்ளினார். கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. புண்ணுக்கு நேரே ஒரு கடைவாய்ப்பல் உடைந்து கூராக நின்றது. புற்று இல்லை, பல் குத்திய புண். பல்லின் கூர்முனையை மழுக்கினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். எனக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

"டாக்டரம்மா, அதுவா?" புற்று என்று வாயால் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினஞ்சு நாள் பாப்போம். ஆறலன்னா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

அதில் பொய் இல்லை. பல்தான் காரணம் என்று மட்டும் சொல்லவில்லை. கூர்முனையை மழுக்கும்போதுகூட, "சுத்தம் பண்ணுதேன்" என்றேன். என் அம்மா எட்டு மாதம் துடித்தாள், இந்த மனுஷன் பதினைந்து நாளாவது சாகட்டும்.

பயத்தில் செத்துத்தான் போனார். தினமும் இரண்டு தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. சோறு இறங்காமல் திருச்செந்தூருக்கு நடந்தே போய் வந்தாராம். கேட்கக் கேட்க இனித்தது.

பதினாறாம் நாள் மக்ரூன் இனிப்பு டப்பாவோடு வந்தார். புண் இருந்த இடமே தெரியவில்லை.

"நம்ம களிம்புதான் டாக்டரம்மா! நீங்க மருந்தே தரலல்லா? தினம் நாலு தடவ தடவுனேன்."

"உங்க பல்லு குத்துன புண்ணு அண்ணாச்சி. நாந்தான் மழுக்கிவிட்டேன்."

"அன்னைக்குச் சுத்தம்தான பண்ணுனிய?" என்று சிரித்தார்.

"ஜெபகனிய ஞாபகம் இருக்கா? உப்பளத்து ஜெபகனி. நான் அவ மக."

"எந்த ஜெபகனி? ஆயிரம் பேரு வாராவ போறாவ..." மக்ரூனை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, கருவாடு காயப்போடுகிற முத்துக்கனி அதே களிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இடது கன்னத்தில் புண். விளிம்பு கல்லாகத் தட்டுப்பட்டது. அழுத்தினேன், அவளுக்கு வலிக்கவில்லை. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"ஏன் இவ்வளவு நாள் வரல?"

"அப்பமே உங்ககிட்டத்தான் கிளம்புனேன் டாக்டரம்மா. அண்ணாச்சிதான், புத்துன்னு டாக்டரே பயந்த புண்ணு இதுலதான் ஆறிச்சுன்னு நாக்க நீட்டிக் காட்டுனாவ."

கையுறையைக் கழற்றினேன். ஆறிய அந்த நாக்கைக் களிம்புக்கு அத்தாட்சியாக அவரிடம் கொடுத்து அனுப்பியவள் நான்தான்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"மக நாகர்கோவில்ல படிக்கா. அவகிட்டச் சொல்லல. பரீட்சை முடியட்டும்னு..."

"போனை எடுங்க" என்றேன். "இப்பவே அவளுக்குப் போடுங்க."