குழந்தை அறைக்கு ஏற்ற விளக்கு

வீட்டில் வெள்ளை பல்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மாரிட் ஒற்றைக்காலில் நின்றாள். நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, கூடத்துக்கு, படுக்கையறைக்கு, குழந்தை அறைக்கு என்று தேன் நிற வெளிச்சமாகப் பொறுக்கி வாங்கினாள். புருஷன் வேட் ஒரு வெள்ளை பல்பைத் தூக்கிக் காட்டினான்.

"சமையலறைக்காச்சும் ஒண்ணு மாட்டுவோமே. உப்பா சர்க்கரையான்னு தெரிய வேணாமா?"

"நக்கிப் பாத்துக்கோ. வீடா இது, பல் டாக்டர் கிளினிக்கா? வச்சுடு அதை."

மகள் இங்ரிட் பிறந்து இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று பிடித்த பனிப்புயல் டுலூத் நகரத்தையே மூடிப்போட்டது. நான்காம் நாள் டாக்டரிடம் காட்ட வேண்டியது தள்ளிப்போனது. குளிர் உள்ளே வராமல் ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை; பகலிலும் அந்தத் தேன் வெளிச்சம்தான். குழந்தை அழவேயில்லை. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

"எல்லாம் நான் வாங்கின விளக்கோட வேலை," என்று மாரிட் போனில் தோழிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். முதல் பிள்ளை, பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ஐந்தாம் நாள் மத்தியானம் குழந்தையைக் கையில் ஏந்தியபடி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளேயிருந்த வெள்ளை வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழுந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவை மூடினாள், செக்கச்செவேல் என்ற பிள்ளை. திறந்தாள், மஞ்சள் பூசின பிள்ளை.

"வேட்! இங்க வா! ஓடி வா!"

"என்ன, பால் தீந்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், குழந்தையைப் பார்த்ததும் ஓடிப்போய் ஜன்னல் திரையைப் பிய்த்து இழுத்தான். பகல் வெளிச்சத்தில் இமையை விலக்கிப் பார்த்தான். வெள்ளை விழியும் மஞ்சள். உள்ளங்காலைச் சுண்டினான். குழந்தை அழவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். "அங்க நிக்காதீங்க, இப்பவே கிளம்புங்க," என்றாள் எடுத்தவள்.

பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. வேட் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஓட்டினான். பின்சீட்டில் மாரிட் தன் விரலைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். குழந்தை அதைப் பற்றிக்கொள்ளவில்லை.

"அழுடி செல்லம். ஒரே ஒரு தடவை அழுடி."

ஆஸ்பத்திரியில் துணியைக் கழற்றி, கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே குழந்தையைப் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "காமாலை ரொம்ப ஏறியிருக்கு. மூளையைத் தொட்டிருச்சான்னு இப்பச் சொல்ல முடியாது," என்றார். வேட் மாரிட்டின் கையைப் பிடித்துக்கொண்டான்.

நர்ஸ் குறிப்பேட்டோடு வந்தாள்.

"எப்பலேந்து மஞ்சளா இருக்கு?"

"தெரியலை."

"இவ்வளவு மஞ்சள் ஒரே நாள்ல வராதும்மா. வீட்டுல யாரும் பாக்கலையா?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தோம்," என்றாள் மாரிட். "மூணு நாளா கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தோம்."