உள்ளங்காலுக்குக் கடைசி எண் மூன்று

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. சொந்தச் சரக்கு என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் நாத்தனார் மருத்துவக் குறியீட்டு வேலை பார்க்கிறாள். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைக் காப்பீட்டுக்காகப் பதிவதுதான் அவள் பிழைப்பு.

"வேர்வைக்குக்கூட எடத்தப் பொறுத்து நம்பர் மாறும் அண்ணி. உள்ளங்கைக்குக் கடைசி நம்பர் ரெண்டு, உள்ளங்காலுக்கு மூணு" என்றாள்.

பேருந்து வரவில்லை. எனக்கும் ரொம்ப நாளாகக் கதை எதுவும் வரவில்லை. சரி, இதாவது ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

2.

"அவருடைய பாதங்கள் அழுதன." எழுதிய கையோடு அடித்துவிட்டேன். பாதம் எங்கே அழுதது? வேர்க்கும், அவ்வளவுதான்.

"திரையின் நீல வெளிச்சத்தில் அவள் முகம்—" வேண்டாம். அவளுக்கு ஏற்கெனவே கண் எரிச்சல்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு குறியீட்டாளர், ஐம்பதைத் தொடப்போகிறவள், கழுத்துவலிக்காரி. அவள் புருஷன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவருக்கு உள்ளங்கால் ஊற்று மாதிரி வேர்க்கும். துடைத்த மறுநிமிடம் மறுபடி ஈரம். வெறுங்காலோடு நடந்தால் தரையில் தடம் விழும். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மகள் வீட்டில் செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. உள்ளே வெள்ளைத் தரை. அவர் வாசல்வரை வருவார், பையைக் கொடுப்பார், வேலை கிடக்கிறது என்று திரும்பிவிடுவார். பேத்தியை இன்னும் கையில் வாங்கவில்லை. மாமனாருக்குத் தலைக்கனம் என்று மாப்பிள்ளை முடிவுகட்டிவிட்டார்.

3.

முதல் வரைவில், புருஷனின் மருத்துவக் குறிப்பே அவள் மேசைக்கு வருவதாக எழுதினேன். சினிமாத்தனம். கிழித்தேன்.

வந்தது யாரோ ஒருவருடைய குறிப்பு. மருத்துவர் "வேர்வை அதிகம்" என்று மட்டும் கிறுக்கியிருந்தார். தந்த களிம்பு பாதத்துக்கு. உள்ளங்கால்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் எழுதாததை அவள் பதியக் கூடாது. கேட்கலாம், அதிலும் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. "உள்ளங்காலா?" என்றால் தப்பு. "எந்த இடத்தில்?" என்றால் சரி.

[இங்கே எனக்குச் சலிப்புத் தட்டியது. உங்களுக்கும் தட்டியிருக்கும். எழுந்து போய்விடாதீர்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது.]

கேள்வியை அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புருஷனிடமும் இத்தனை காலம் இப்படியேதான் கேட்டிருக்கிறாள். "ஏங்க உள்ள வரல?" "வேலை இருக்கு." அவர் சொன்னதை அப்படியே பதிந்துகொண்டு நகர்ந்துவிட்டாள். அவர் வாயால் வராததை அவளாக எப்படிச் சொல்வது?*

* அந்த மருத்துவர் பதில் அனுப்பினாரா என்று கேட்பவர்களுக்கு: இன்னும் இல்லை. அவரும் களைத்துப்போனவராக இருப்பார்.

3. (மறுபடியும். இந்த உரையாடலை எழுதப் பயந்து தள்ளிப்போட்டேன்.)

அன்று சாயங்காலம் மகள் வீட்டு வாசலில் அவர் பையை நீட்டினார். கூட வந்திருந்த மனைவி வாங்கவில்லை.

"உங்களுக்குக் கால் வேர்க்குது. அதுக்குத்தான் உள்ள வர மாட்டேங்கிறீங்க."

"யார் சொன்னா?"

"உங்க சாக்ஸ நாந்தானே துவைக்கிறேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிருந்துமா இத்தன வருஷம் அதக் கேக்காம இருந்த?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நீயா கேப்பேன்னு நான் இருந்தேன்."

இருவருக்கும் வலித்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

4.

முடிவுகள்.

(அ) மாப்பிள்ளை வெளியே வந்து, "தரைதானே மாமா, வாங்க" என்கிறார். எழுதிப் பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கெட்டவரும் இல்லை, எதையும் கவனிக்காதவர்.

(ஆ) சிகிச்சை பலித்துப் பாதம் காய்கிறது. அதற்கு மாதங்கள் ஆகும். குழந்தை அதற்குள் தவழ்ந்தே வாசலுக்கு வந்து—

(இ) இது என் யோசனை இல்லை, அவளே செய்தது. வாசலோரம் செடிகளுக்கு ஒரு குழாய் இருந்தது. செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் நனைத்தாள். துடைக்காமல் உள்ளே போனாள். வெள்ளைத் தரை முழுக்க ஈரத் தடம்.

"என்னம்மா இது, வீடெல்லாம் தண்ணி" என்றாள் மகள்.

"காஞ்சிரும்டி. பாப்பாவக் குடு."

குழந்தையை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றாள். வாங்க என்று கூப்பிடவில்லை. வெளியே அவர் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஷூ நாடாவைப் பிடித்தார்.

5.

அவிழ்த்தாரா, இறுக்கிக் கட்டிக்கொண்டாரா என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு ஆசை ஒன்று இருக்கிறது. ஆனால் விடையைக் கேள்விக்குள் வைக்க எனக்கும் அனுமதியில்லை. பேத்தி கொட்டாவி விடுகிறாள், பாட்டிக்குக் கை வலிக்கிறது, தரையில் தடங்கள் ஓரத்திலிருந்து காயத் தொடங்கிவிட்டன. ஆகவே முறைப்படி உங்களைக் கேட்கிறேன்: அவர் என்ன செய்தார்?