நாற்பத்தேழில் முடியும் எண்

காலையிலிருந்து ஏழாவது தடவையாகக் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, பாஸ்வேர்டு தவறு என்று. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே, ஒற்றை விரலால் அடித்துப் பார்த்தாள். தவறே இல்லை. அதே பாஸ்வேர்டைப் பிரவுசரில் போட்டால் மெயில் சமர்த்தாகத் திறக்கிறது. புதிதாக ஏற்றிய மெயில் புரோகிராமில் போட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது.

பல் செட்டுக்கு மெழுகில் வடிவம் எடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷம் அண்ணனுடைய பட்டறையில் அதைச் செய்தாள். அங்கே அவளுக்கு 'மெழுகக்கா' என்றே பெயர். போன மாதம்தான் தனியாக ஓர் அறை பிடித்து மேசை போட்டிருந்தாள். பல் டாக்டர்கள் இப்போதெல்லாம் வாயை ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் யானைக் கனம். பிரவுசரில் இறக்கினால் பாதியில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. கையெல்லாம் மெழுகோடு எத்தனை தடவை எழுந்து ஓடுவது? புரோகிராமில் சேர்த்துவிட்டால் அதுபாட்டுக்கு இறக்கி வைத்திருக்கும்.

எட்டாவது தடவை அடித்ததும், முயற்சிகள் அதிகமாகிவிட்டன, ஒரு மணி நேரம் கழித்து வா என்றது. "நல்லது, நீயும் சொல்லு," என்று அதனிடம் சொல்லிவிட்டு, மெயில் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் விஷயம் பிடிபட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு உள்ள கணக்குக்கு வழக்கமான பாஸ்வேர்டு இந்த மாதிரிப் புரோகிராமில் செல்லாது. அதற்கென்று பதினாறு எழுத்தில் தனிப் பாஸ்வேர்டு ஒன்றை உண்டாக்க வேண்டும். உண்டாக்கப் போனால், போனுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது. நாற்பத்தேழில் முடியும் எண்.

அது அவள் எண் இல்லை. அண்ணனுடையது.

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் பட்டறையில் சேர்ந்த அன்று கணக்கைத் திறந்து கொடுத்தது அவன்தான். பெயர் அவளுடையது, போன் எண் அவனுடையது. அன்றைக்கு அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பழைய மடிக்கணினியை மெயில் நிறுவனம் அடையாளம் வைத்திருந்ததால் இத்தனை நாள் குறியீடு கேட்டதும் இல்லை.

போன் செய்து விவரம் சொன்னாள். அண்ணன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, தனி அறை, தனி மேசை எல்லாம் சரி, தனி மெயில் எதற்கு, வருகிற ஸ்கேனை நானே இறக்கி அனுப்புகிறேனே என்றான். குறியீட்டை மட்டும் சொல் என்றாள். அவன் சிரித்தான்.

"என் போனுக்கு வருதுன்னா, என்னைக் கேட்டுத்தான் செய்யணும்னு அர்த்தம்."

புதிதாக ஒரு முகவரி திறந்துகொள்ளலாம்தான். ஆனால் இருபத்தாறு டாக்டர்கள் இந்த முகவரிக்குத்தான் எழுதுகிறார்கள். அதைவிட, என் பெயரை விட்டுவிட்டு நான் ஏன் ஓட வேண்டும் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

பட்டறையில் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் தன் மேசையில் பிளாஸ்டர் அச்சு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே போன், முகம் மேலே பார்த்தபடி. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, அண்ணனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, குறியீட்டை அனுப்பச் சொல்லி அழுத்தினாள்.

போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. ஆறு எண்கள். தலைகீழாக இருந்தால் என்ன, பல் அச்சுகளைத் தலைகீழாகவே பார்த்துப் பழகிய கண். அண்ணன் பிளாஸ்டர் கையோடு போனைக் கவிழ்ப்பதற்குள் படித்து முடித்து, ஐந்தாவது எண்ணை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"என் பேருக்கு வந்ததைப் படிச்சேன்."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். போட்டு என்ன பயன். பாதுகாப்புப் பக்கம் திறந்துவிட்டது. முதல் காரியமாகத் தன் எண்ணைச் சேர்த்தாள். அவள் போனுக்கு ஒரு குறியீடு வந்தது, அதையும் போட்டாள். பிறகு நாற்பத்தேழை நீக்கினாள். பழைய பாஸ்வேர்டை மாற்றினாள். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று கேட்டது. கொஞ்சம் யோசித்து, ஆம் என்றாள். அண்ணனுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் அவளுடைய அஞ்சல் பெட்டி திறந்திருந்தது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அது ஒரு கணம் வெளுத்து, பாஸ்வேர்டு கேட்கும் பக்கமாக மாறியது. அண்ணி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், முகத்தில் வந்த சிரிப்பை மறைத்துக்கொண்டு.

தன் அறைக்கு வந்து அந்தப் பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டை உண்டாக்கிப் புரோகிராமில் போட்டாள். மெயில்கள் மடமடவென்று இறங்கின. சோதனைக்குத் தனக்கே ஒன்று அனுப்பினாள், போகவில்லை. புரோகிராமில் அனுப்புவதற்கென்று தனியாக இருந்த கட்டத்தில் பழைய பாஸ்வேர்டே உட்கார்ந்திருந்தது. அங்கேயும் புதியதைப் போட்ட பிறகு போனது.

புரோகிராம் மெயில்களைப் பிரித்து வைக்கும் எல்லாப் பெட்டிகளையும் இடப்பக்கம் வரிசையாகக் காட்டியது. பிரவுசரில் 'மேலும்' என்ற சொல்லுக்கு அடியில் சுருண்டு கிடந்தவையும் இப்போது வெளியே வந்து நின்றன. 'பழையவை' என்று ஒரு பெட்டி. அவள் உண்டாக்கியதில்லை. திறந்தாள்.

எட்டு மாதத்துக்கு முந்தைய கடிதம். பெரிய பல் மருத்துவமனை நடத்தும் டாக்டரம்மா எழுதியது. எங்கள் இடத்திலேயே செயற்கைப் பல் கூடம் ஒன்று தொடங்குகிறோம், உங்கள் கைவேலை எனக்குத் தெரியும், பொறுப்பேற்க முடியுமா என்று. கீழே பதில். வீட்டுச் சூழ்நிலையால் இயலாது, அண்ணனிடமே தொடர விரும்புகிறேன், தங்கள் பணிவுள்ள என்று முடித்து அவள் பெயர். பணிவுள்ள என்று அவள் யாருக்கும் எழுதியதில்லை. அது அண்ணனுடைய கையெழுத்து மாதிரி, எல்லாக் கடிதத்திலும் வரும்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த மெழுகை உரித்துப் போட்டுவிட்டு எழுதினாள்: 'அந்தப் பதிலை எழுதியது நான் இல்லை. நீங்கள் கேட்டதே இன்றுதான் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் வந்திருப்பேன்.' இரண்டு தடவை படித்தாள். மன்னிக்கவும் என்று ஒரு சொல் சேர்க்கலாமா என்று தோன்றியது. நான் எதற்கு என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. அந்த இடத்துக்கு அப்போதே வேறொருவரைப் போட்டாகிவிட்டது. ஆனால் முன்பற்கள் அவருக்குச் சரியாக வரவில்லை, நோயாளிகள் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். முன்பல் வேலை முழுவதையும் உங்களுக்கே அனுப்பலாமா என்று டாக்டரம்மா கேட்டிருந்தாள். அன்று வந்தது பொறுப்பு, இன்று கிடைத்தது முன்பல். அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. சரி என்று எழுதினாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பட்டறை சம்பந்தப்பட்ட மெயில்களும் அதில் இருக்கின்றன, புதுப் பாஸ்வேர்டு வேண்டும் என்றான். அவள் அந்தக் கடிதத்தைத் திறந்து காட்டினாள். அவன் குனிந்து கடைசி வரிவரை படித்தான்.

"நீ போயிட்டா பட்டறை என்ன ஆகும்னு நினைச்சேன்," என்றான்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் இருந்திருக்கவும் இருந்திருப்பேன்."

அவன் பாஸ்வேர்டை மறுபடி கேட்டான், குரல் இறங்கியிருந்தது.

"எந்த மெயில் வேணும்னு சொல்லுண்ணா. நானே அனுப்பி வைக்கிறேன்."

அவன் ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னான். அவள் தேடி எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, உன் போனுக்கு வந்திருக்கும், பார்த்துக்கொள் என்றாள்.