ஓசையடங்கிய நாளில் ஒரு சாவி

சனூர் படகுத்துறையின் பயணச்சீட்டு இணையதளத்துக்கான இரகசியச் சாவியை, தீவு முழுக்க ஓசையடங்கும் நியெபி நாளுக்கு முந்தின நாள் ராஸ்மினி உருவாக்கினாள். நீளமான ஓர் எண், அவ்வளவுதான். அதற்கு இணையான பொதுச்சாவியை மட்டும் சான்றிதழ் தரும் நிறுவனத்தின் கையொப்பத்துக்கு அனுப்பினாள். சான்றிதழ் நியெபி முடிந்த காலையில் வரும். நண்பகலில் தளம் திறக்க வேண்டும். தனியாக அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை.

"எனக்கும் ஒரு காப்பி வாட்ஸ்அப்ல போட்டு வை," என்றான் நெங்கா. அலுவலகத்தில் மூத்தவன். அண்ணன் என்ற பொருளில் அவள் அவனைப் பிலி என்றுதான் கூப்பிடுவாள்.

"யார் கண்ணுலயும் படக்கூடாது, பிலி."

"உன் கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல."

"நல்லா இருக்கு. நீயே பாக்காத ஒண்ணுக்கு இவ்வளவு காவல்!"

வன்வட்டில் எழுதினால் தடம் தங்கும் என்று பயந்து, அலுவலகத்துச் சின்னக் கணினியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் அதை வைத்திருந்தாள். மின்சாரம் போனால் அழிந்துவிடும். பூட்டிய கோப்பாக வேறிடத்தில் வைக்க நினைத்திருந்தாள். அதற்குள் தெருவில் நியெபிக்கு முந்தின மாலையின் பூதப் பொம்மை ஊர்வலம் கிளம்பிவிட்டது. மேளம் சுவரை அதிரவைத்தது.

"நீ கிளம்பு, எல்லாத்தையும் நான் அணைச்சிட்டு வரேன்," என்று நெங்கா கத்தினான். தலையாட்டிவிட்டு ஓடினாள்.

மறுநாள், நியெபியன்று, கட்டிலில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது: எல்லாத்தையும் என்றால் அந்தக் கணினியையும்தானே. தீவில் வண்டி இல்லை, விளக்கு இல்லை, கைபேசியில் இணையம் இல்லை. வாசலைத் தாண்டினால் ஊர்க்காவலர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

அரைத்தூக்கத்தில் அந்த எண் வந்துகொண்டே இருந்தது. இலக்கம் இலக்கமாக, கடல்மேல், விளக்கேற்றாத படகுகளைப் போல. கிட்டப் போனால் வெறும் தண்ணீர். எங்கோ ஒரு சேவல் மட்டும் தடையை மதிக்காமல் கூவியது. இருட்டியதும் முற்றத்துக்கு மேலே அத்தனை நட்சத்திரங்கள். ஒன்று அணைந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். மேசைமேல் இருந்த சின்னக் கணினியில் பச்சை விளக்கைக் காணோம். கைபேசிக்குச் சான்றிதழ் வந்திருந்தது. சாவி இல்லாமல் அது எதற்கும் உதவாது. புதிதாகக் கேட்டால் இன்னும் மூன்று நாள்.

நெங்கா சாவகாசமாக வந்தான். "என்ன, முந்தாநாள் பூதம் உன் வீட்டுக்கா வந்துச்சு?"

"அணைச்சிட்டீங்களா, பிலி?"

அவன் கதவைத் திறந்து, கணினியின் முகப்பிலிருந்த கறுப்பு நாடாவை நகத்தால் உரித்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீ காவல் காத்ததைப் பாத்துட்டு அணைக்கக் கை வரல. வெளிச்சம் தெரிஞ்சா காவலர் வந்து கதவைத் தட்டுவாங்களே, அதான் மூடிட்டேன்."

ராஸ்மினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்டிரைவைச் செருகினாள். கடவுச்சொல் போட்டுச் சாவியைப் பூட்ட வேண்டும், உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். சான்றிதழ் அதற்குப் பிறகுதான்.

"திரும்பிக்கோங்க, பிலி."

"இப்பவுமா!" என்றபடி அவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.